பழைய ரெக்கவரி வேனுக்குக் காற்றுப் பாதையை மாற்றலாமா? ராமநாதபுரம் கடற்கரைக்கான கேள்வி பதில்

உச்சிப்புளியில் பழைய டீசல் ரெக்கவரி வேன் ஒன்றை வைத்துத் தொழில் செய்கிறேன். தனுஷ்கோடி சாலையோர மணலில் சக்கரம் புதைந்த கார்கள், பாம்பன் பாலத்தில் நின்றுபோன சுற்றுலா வேன்கள், கீழக்கரையிலிருந்து மதுரைக்குப் பழுது பார்க்கப் போகும் வண்டிகள் என்று எல்லாவற்றையும் ஏற்றியும் இழுத்தும் போகிறோம். என்னைப் போலப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "புதிய ஏர் ஃபில்டர், பெரிய குழாய், டர்போ என்று ஏதாவது போட்டால் வண்டி நன்றாக இழுக்குமா?" டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி. அந்தக் கேள்விக்கும் அதையொட்டி வரும் கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

என் வேன் முன்பு போல் இழுக்கவில்லை. ஏர் ஃபில்டரில் இருந்து தொடங்கலாமா?

முதலில் புகையைப் பாருங்கள். சுமையோடு போகும்போது கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது டீசல் அளவுக்கு மீறி இறங்குகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) குறைந்திருக்கலாம், பம்ப் டீசல் தரும் நேரம் (டைமிங்) தவறியிருக்கலாம், டீசலைத் தூவும் நாசில் ஒழுகலாம். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்திருந்தால் டீசல் ஃபில்டரையும் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பையும் டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரையும் பார்க்க வேண்டும். இவற்றில் கரும்புகைக்கு மட்டுமே காற்றுப் பாதையைச் சந்தேகிக்கலாம்.

நம் கடற்கரைக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றில் பிரேக் டிரம்மும் ஹேண்ட் பிரேக் கேபிளும் துருப்பிடித்து இறுகிவிடும். தொண்டிப் பக்கமிருந்து ஒருவர் பெரிய ஏர் ஃபில்டர் வாங்கிவைத்துக்கொண்டு, அதைப் பொருத்தித் தரச் சொல்லி வந்தார். வண்டி வந்து நின்றதும் பின்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன். வலப்பக்கம் அனல் அடித்தது, இடப்பக்கம் சாதாரணமாக இருந்தது. பிரேக் பிடித்தபடியே எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்திருக்கிறார். பிரேக்கை விடுவித்துக் கொடுத்ததும் வண்டி பழையபடி இழுத்தது. ஃபில்டரைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டீசல் எஞ்சினுக்குக் காற்று கூடினால் சக்தி கூடுமா?

டீசல் எஞ்சினின் சக்தியை முடிவு செய்வது பம்ப் கொடுக்கும் டீசல்தான். பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களில் பெட்ரோல் வண்டியைப் போலக் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் டீசல் மட்டும் கூடும், காற்றை எஞ்சின் எப்போதும் தன் கொள்ளளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய 20 கிலோ அளவுக்குத் தேவைப்படும். அந்தக் காற்று ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தால், மேலும் காற்றைத் திறந்துவிடுவதால் சக்தி எதுவும் ஏறாது. கிடைக்கவில்லை என்றால் கரும்புகை குறையும், வெளியே வீணான டீசல் உள்ளே எரியும், அந்த அளவுக்கு இழுவை திரும்பும். ஆகவே இது பெரும்பாலும் இழந்ததை மீட்கும் வேலைதான்.

ஒரு எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது?

டாடா 407 வண்டிகளில் வந்த 2,956 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2,800 சுற்று வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 லிட்டர் காற்று அதற்குள் போகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள ஓர் அறையின் காற்று முழுவதையும் எட்டே நிமிடத்தில் குடித்துவிடும். ஆடிக் காற்றில் தனுஷ்கோடி சாலையின் குறுக்கே மணல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றில்தான் எட்டு நிமிடத்துக்கு ஓர் அறை என்று எஞ்சின் குடித்துக்கொண்டிருக்கிறது.

காற்றுப் பாதையில் தடை இருக்கிறதா என்று பட்டறைக்குப் போகாமல் அறிய முடியுமா?

முடியும். பணத்தைச் செலவழிக்கும் முன் எல்லோரும் இதைச் செய்துவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் இரண்டரை மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் அதை 'ப' எழுத்தைப் போல வளைத்து, இரண்டு கைகளும் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் நிற்கும்படி கட்டுங்கள். பாதி உயரத்துக்குக் குங்குமம் கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள், நிறம் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறுமுனையை ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் துளையில் சொருகுங்கள். பல வண்டிகளில் அடைப்பு காட்டும் கருவிக்கென்று அங்கே ஒரு சிறு துளை ஏற்கெனவே இருக்கும், திருகு போட்டு மூடியிருப்பார்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் ஏறிவிடாதபடி நடுவில் ஒரு சிறு காலிப் புட்டியை இணைத்துக்கொள்ளுங்கள்.

டர்போ இல்லாத வண்டி என்றால் நின்ற இடத்திலேயே எஞ்சினை உச்சச் சுற்றுக்கு உயர்த்திப் பார்த்தால் போதும். திராட்டில் இல்லாததால் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சுற்றில் இழுக்கும் காற்று ஏறக்குறைய ஒன்றுதான். டர்போ வண்டி என்றால் சுமையோடு ஓட்டித்தான் அளக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒருவர் பலகையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இரு கைகளிலும் நிற்கும் தண்ணீரின் உயர வேறுபாடுதான் தடையின் அளவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு 20 அங்குலம், அதாவது 50 சென்டிமீட்டரைத் தொட்டால் ஃபில்டரை மாற்றுவது பொதுவான வரம்பு. டர்போ எஞ்சினுக்கு 25 அங்குலம், ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். புதிய ஃபில்டர் போட்ட அன்று வரும் அளவை ஃபில்டர் பெட்டியின் மேலேயே பெயின்ட்டால் எழுதி வைத்துவிடுங்கள்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அப்படியானால் 50 சென்டிமீட்டர் தடை என்பது 5 விழுக்காட்டுக் காற்று இழப்பு. உங்கள் பலகையில் 20 சென்டிமீட்டர்தான் வருகிறது என்றால், உலகத்திலேயே சிறந்த ஃபில்டரைப் போட்டாலும் டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கிடைக்கக்கூடியது 2 விழுக்காடு மட்டுமே. விற்பவர் பத்து, பதினைந்து என்று சொன்னால் இந்தப் பலகையை எடுத்துக் காட்டுங்கள்.

ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரைப் போடலாமா?

இந்தக் கடற்கரையில் வேண்டவே வேண்டாம். இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில் சிவப்புத் துணிக் கூம்பு ஒன்றைப் பொருத்தினார்கள். எஞ்சின் உறுமும் சத்தம் கூடியது. சத்தம் கூடியதும் சக்தி கூடியதாக மனம் நம்பிவிடுகிறது, நானும் நம்பினேன். முதல் வாரத்திலேயே மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது வழக்கமான இடத்துக்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டியிருந்தது. பிறகுதான் கம்பி வைத்த வெப்பமானி ஒன்றைக் கூம்பின் பக்கத்தில் கட்டி ஓட்டிப் பார்த்தேன். வெளியே 35 டிகிரி, கூம்பின் வாயில் 65 டிகிரி. எஞ்சின் பெட்டிக்குள் ரேடியேட்டரும் புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டும் காய்ச்சிய காற்றைத்தான் வண்டி சுவாசித்துக்கொண்டிருந்தது. 35 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். தடையைக் குறைத்து இரண்டு விழுக்காடு சேர்க்கப் போய், சூட்டில் ஒன்பதை இழந்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய இழப்பு பிறகு தெரிந்தது. கூம்புக்குப் பின்னால் இருந்த ஹோஸைக் கழற்றி உட்சுவரில் விரலை வைத்து இழுத்தேன். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் பசை, அதைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தால் நறநறவென்றது. மாவு போன்ற மணல். சலித்தது போக உள்ளே போனது எவ்வளவு என்பதை ஆயில் செலவு சொன்னது. அடுத்த ஆண்டே சிலிண்டர் லைனரும் பிஸ்டன் ரிங்கும் மாற்ற வேண்டி வந்தது. துணி ஃபில்டர் எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை. சரியாக எண்ணெயிட்டு, மூடிய பெட்டிக்குள், தூசி குறைந்த ஊரில் அது ஓடலாம். நம்முடையது மணலும் உப்பும் சேர்ந்த ஊர்.

ஆயில் பாத் ஏர் கிளீனர் (தூசியை ஆயிலில் படியவைப்பது) வைத்த பழைய வண்டி. பேப்பர் ஃபில்டருக்கு மாறலாமா?

மாறலாம், நல்ல மாற்றம்தான். அதே எஞ்சினுக்கு நிறுவனம் பின்னாளில் கொடுத்த பேப்பர் ஃபில்டர் பெட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆயில் பாத் கிளீனர் பெரிய தூசியை நன்றாகப் பிடிக்கும், நுண்தூசியைப் பேப்பர் அளவுக்குப் பிடிக்காது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் வேலை இன்னும் மந்தம்.

ஆயில் பாத்தையே வைத்துக்கொள்வதாக இருந்தால் குறியிட்ட கோட்டுக்கு மேல் ஒரு சொட்டும் ஆயில் ஊற்றாதீர்கள். அதிகமான ஆயிலை எஞ்சின் இழுத்துக்கொண்டால் அதையே எரிபொருளாக்கி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் சுற்றைக் கூட்டிக்கொண்டே போகும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதாக மிதித்தபடி உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும், அல்லது கனமான பலகையால் காற்று வாயை அடைக்க வேண்டும். கையை வைத்து அடைக்கப் போகாதீர்கள்.

பேப்பர் ஃபில்டரை டயரில் தட்டிச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. தட்டும்போது மடிப்பு கிழியும், ரப்பர் விளிம்பு நெளியும். காற்றடிப்பதானால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் போகாமல், குழாயைத் தள்ளிப் பிடித்து அடியுங்கள். பிறகு இருட்டில் உள்ளே ஒரு பல்பை எரியவிட்டுச் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்த ஃபில்டர் குப்பைக்குத்தான். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டாம். அதே சமயம் வாரா வாரம் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்தில் விழுகிறது. தவிர, மெல்லிய தூசிப் படலம் ஏறிய ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே சலிக்கும். பலகை அளவு சொல்லும்போது திறந்தால் போதும்.

பாம்பனில் படகு எஞ்சின் பார்ப்பவர், "கடலில் ஃபில்டருக்குப் பதில் வெறும் கம்பி வலையோடு எஞ்சின் ஓடுகிறதே அண்ணே, உங்களுக்கு எதற்கு இவ்வளவு?" என்கிறார். சரியா?

கடலுக்கு அவர் சொல்வது சரி. கரையை விட்டு விலகினால் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு, மணல் இல்லை. எஞ்சினை அறுப்பது மணல். அதே எஞ்சினைக் கரையில் ஏற்றிச் சாலையில் ஓட்டினால் கதை வேறு. அவரிடம் பம்ப் வேலையை நம்பிக் கொடுக்கலாம், ஃபில்டர் விஷயத்தில் மட்டும் டிராக்டர் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

டிராக்டரில் இருப்பது போல் காற்று வாயை உயரத்தில் வைக்கலாமா?

செலவுக்குத் தகுந்த பலன் தரும் ஒரே மாற்றம் என்று நான் நினைப்பது இதைத்தான். சாலை மட்டத்தில் முன்வண்டி கிளப்பும் புழுதி அதிகம், எஞ்சின் பெட்டிக்குள் சூடு அதிகம். கேபினின் பின்மூலையில் கூரை உயரத்துக்கு ஒரு குழாயை ஏற்றிவிட்டால் காற்று குளிர்ந்தும் தெளிந்தும் கிடைக்கும். அதன் தலையில் டிராக்டரில் வரும் சுழல் வகை பிரீ-கிளீனரை வைத்துவிட்டால் மணலில் பெரும்பகுதி கண்ணாடிக் கிண்ணத்திலேயே விழுந்துவிடும். என் வண்டியில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு ஒரு முறை போய்வந்தால் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு விரற்கடை மணல் நிற்கிறது. 2017-இல் அந்தச் சாலை திறந்த பிறகு அங்கே போகும் அழைப்புகள் கூடிவிட்டன, கிண்ணத்துக்கும் வேலை கூடிவிட்டது.

குழாயின் உள்விட்டம் பழைய வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. வளைவுகள் குறைவாகவும் அகலமாகவும் இருக்கட்டும். பி.வி.சி. குழாயை எஞ்சின் பக்கம் கொண்டு போகாதீர்கள், சூட்டில் நெளியும். போட்டு முடித்ததும் பலகையை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு முன்பைவிட ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் குழாய் போதவில்லை.

உயரக் குழாய் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கலாமா?

குழாய் மட்டும் போதாது. பெட்டி மூடி, ஹோஸ் இணைப்பு, கீழே தூசி விழும் ரப்பர் வால்வு ஒவ்வொன்றும் காற்றுப் புகாமல் இருந்தால்தான் தண்ணீரும் புகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயில்வே சுரங்கப் பாதைகளில் தண்ணீர் நிற்கும்போது சிக்கிய வண்டியை எடுக்க நம்மைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீரைக் காற்றைப் போல அமுக்க முடியாது. ஒரு சிலிண்டரில் புகுந்துவிட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான் மேட்டில் நின்று வயர் ரோப்பை நீட்டி இழுக்கிறேன். கடல் தண்ணீரில் இறங்குவது எந்தக் குழாய் இருந்தாலும் கூடாது.

டர்போவோடு வந்த வண்டி. இதற்கு வேறு கணக்கா?

ஆம். டர்போவுக்கு முன்னால் உள்ள தடை அதிகம் உறுத்தும். ஃபில்டர் அடைத்தால் டர்போ கூடுதல் வேகத்தில் சுற்ற வேண்டியிருக்கும், தன் சீலைத் தாண்டி ஆயிலையும் உறிஞ்சும். மணல் புகுந்தால் முதலில் தேய்வது அதன் விசிறி இறக்கைகளின் விளிம்பு. ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, அரித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பழைய டர்போ வண்டியில் இழுவை குறைய இன்னொரு பெரிய காரணம், டர்போவுக்குப் பின்னால் வெடித்த ஹோஸ். சுமையேறும்போது 'உஸ்' என்ற சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வரும். சோப்பு நீரைத் தடவிக் காற்றழுத்தம் கொடுத்தால் குமிழி காட்டிக் கொடுக்கும். டர்போ அமுக்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருந்தால் அதன் அலுமினியத் துடுப்புகளை உப்பு தின்கிறதா என்று பாருங்கள், நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். புகையைத் திருப்பி உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். உள்ள எஞ்சினில், காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தால் தார் போலக் கரி ஒட்டிப் பாதை குறுகியிருக்கலாம். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, புதிதாக எதையும் வாங்காமல் கிடைக்கும் நல்ல பலன்.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ போடலாமா? டீசல் அளவுக்கான பம்ப் திருகைக் கூட்டி வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். டர்போவோடு பிறந்த எஞ்சினுக்குப் பிஸ்டன், அதைக் குளிர்விக்கும் ஆயில், ஹெட் கேஸ்கெட், ரேடியேட்டர் எல்லாமே அதற்கேற்ற மாதிரி இருக்கும். பழைய எஞ்சினில் அவை இல்லை. கூடிய சக்தியைக் கிளட்ச் தாங்க வேண்டும், கூடிய வேகத்தைப் பிரேக் தாங்க வேண்டும், அதுவும் பின்னால் ஒரு காரைச் சுமந்துகொண்டு. திருகைக் கூட்டினால் கரும்புகையும் சூடும்தான் கூடும்.

நம் மாவட்டத்தில் மலையே கிடையாது. சாலையில் ஏற்றம் என்று இருப்பதே பாம்பன் பாலமும் சில மேம்பாலங்களும்தான். இங்கே வண்டியை இழுத்துப் பிடிப்பது கச்சான் காற்று. மேலே ஒரு காரை நிறுத்திக்கொண்டு எதிர்காற்றில் போகும்போது எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்புக்கு எஞ்சின் செலவிடும் சக்தி ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று சொல்லலாம். எந்த டர்போவும் அதை இலவசமாகத் தராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பதிந்த விவரங்களும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நிறுவன ஃபில்டரை மாற்றுவது பராமரிப்பு. டர்போ ஏற்றுவது மாற்றம். உயரக் குழாயைப் பொருத்தும் முன் எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் கேட்டுவிட்டுச் செய்தேன். புகைச் சோதனையில் தவறுவதற்கும் அடைத்த ஃபில்டர் ஒரு காரணம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடற்கரையில் தனியாகக் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது?

இரும்பு ஏர் கிளீனர் பெட்டி. அதன் உட்பக்கம் துருப்பிடித்தால், ஃபில்டருக்குப் பின்னால், சுத்தமான பக்கத்திலேயே துருச்செதில் உதிர்ந்து நேராக எஞ்சினுக்குள் போகும். எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பயனில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, வாடைக் காற்று தொடங்கும் முன், பெட்டியைக் கழற்றித் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுகிறேன். உதிர்கிற பெட்டி என்றால் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறிவிடுவது நல்லது.

ஹோஸ் கிளிப்புகளை எவர்சில்வரில் வாங்குங்கள். சாதாரணக் கிளிப் இந்த ஊரில் சீக்கிரமே துருப்பிடித்து அறுந்துவிடும். ஹோஸை அழுத்தி வளைத்து மடிப்புகளுக்குள் வெடிப்பு பாருங்கள். கடைசியாக, ஹோஸைக் கழற்றி, சுத்தமான பக்கத்தின் உள்ளே வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் அந்த ஆண்டு காற்றுப் பாதைக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை. பழுப்பாக வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள், ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு எடுங்கள்.